அல்கே ஸ்க்ரப்பருக்குத் தமிழில் என்ன சொல்?

தாம்பரத்திலிருந்து:
நண்பர்களே, கொளத்தூர் வண்ணமீன் கடைப் பையன்களுக்காக உப்புநீர்த் தொட்டிப் பராமரிப்புக் கையேடு ஒன்று எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அல்கே ஸ்க்ரப்பரில் மாட்டிக்கொண்டேன். கருவி எளிது: சொரசொரப்பான பிளாஸ்டிக் வலையைத் தொங்கவிட்டு, தொட்டி நீரை மேலிருந்து வழியவிட்டு, சிவப்பு விளக்கு போட்டால் வலையில் பாசி வளரும். நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் அது தின்றுவிடுவதால் பாறைமேல் படரும் பாசிக்குத் தீனி குறையும். வாரம் ஒருமுறை வலையைச் சுரண்டி எறிந்தால் சத்தும் வெளியே போய்விடும். நான் 'பாசிவடிகட்டி' என்று எழுதினேன். அதைப் படித்த பையன், பாசியைப் பிடிக்கிற வலை என்று எண்ணி வெந்நீரில் பளிச்சென்று கழுவி மாட்டிவிட்டான். அடிக்கட்டை கொஞ்சம் விட்டுவைத்தால்தானே சீக்கிரம் தழைக்கும்? வலையில் பாசி மறுபடி பிடிப்பதற்குள் பாறையெல்லாம் பச்சை முடிபோலப் பாசி.

மயிலாப்பூரிலிருந்து:
பையன்மேல் பிழையில்லை. மண்வெட்டி மண்ணை வெட்டும், பாக்குவெட்டி பாக்கை வெட்டும். பாசிவடிகட்டி பாசியைத்தான் வடிகட்டும்; இரண்டாம் வேற்றுமைத் தொகை. உங்களுக்கு வேண்டியது, பாசியால் தூய்மை செய்வது என்ற மூன்றாம் வேற்றுமை. ஆகவே 'பாசிவழித் தூய்ப்பி'. சுத்திகரிப்பான் வேண்டாம், 'சுத்தி' வடசொல், 'ஆன்' ஆண்பால் விகுதி. கருவிக்கு மீசை எதற்கு?

கொளத்தூரிலிருந்து:
ஐயா, வணக்கம். தூய்ப்பி என்று கூப்பிட்டால் என் கடையில் ஒருத்தனும் திரும்பிப் பார்க்க மாட்டான். ஸ்க்ரப்பர் என்றே தமிழெழுத்தில் போடுங்கள். ஆனால் மீன்தொட்டிக்கு அடியில் வைக்கிற துணைத்தொட்டியை 'சம்ப்' என்று மட்டும் வெறுமனே எழுதிவிடாதீர்கள். நம்ம ஊரில் சம்ப் என்றால் மெட்ரோ வாட்டர் பிடிக்கிற தரைத்தொட்டி. 'அடித்தொட்டி' போதும்.

அடையாற்றிலிருந்து:
தாவரவியல் நடத்துகிறவள் என்பதால் சொல்கிறேன், 'பாசி'யே தகராறான சொல். பாடநூலில் ஆல்கா என்றும் வரும். மளிகைக் கடையில் கடற்பாசி கேட்டால் ஜெல்லி காய்ச்சுகிற அகர் தருவார்கள். தொட்டி மணலில் சிவப்பாகப் போர்த்துகிற சயனோ பாசியே இல்லை, பாக்டீரியா. அதையும் கையேட்டில் தனியாகப் பிரித்து எழுதுங்கள். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருந்த வால்ட்டர் ஏடி இந்தக் கருவியை உருவாக்கியபோது 'டர்ஃப்', அதாவது புல்தரை, என்ற சொல்லையும் பெயரில் வைத்தார். 'பாசிப் புல்தரை' என்று தொடங்கலாமே?

மயிலாப்பூரிலிருந்து:
புல்லும் தரையும் சேர்ந்தால் புற்றரை. உங்கள் மாணவர்கள் புற்றுநோய் என்று பயப்படுவார்கள். பாசி என்ற சொல்லைப் பழிக்காதீர்கள் அம்மா. பசுமை, பச்சை, பசலை எல்லாம் ஒரே குடும்பம். குறுந்தொகை 399இல் பரணர், தொட்ட இடத்தில் விலகி விட்ட இடத்தில் பரவும் கேணிப் பாசியை, பிரிவில் மேனியில் படரும் பசலைக்கு உவமை சொல்கிறார். அது மிதவைப்பாசி, இது பற்றி வளர்வது. எனவே 'பற்றுப்பாசித் தூய்ப்பி' என்று திருத்துகிறேன். பற்று என்ற வேரை எடுத்துக்கொண்டால்...

தாம்பரத்திலிருந்து:
ஐயா, வெள்ளிக்கிழமை!

திருவல்லிக்கேணியிலிருந்து:
'பாசித்தட்டி' என்றால் என்ன? கோடையில் ஜன்னலில் வெட்டிவேர் தட்டி கட்டித் தண்ணீர் தெளிப்போமே, அதே அமைப்புதானே இது. வெட்டிவேர் தட்டி வெட்டிவேரை வடிகட்டும் என்று யாரும் நினைப்பதில்லை. ஐயா கேட்ட மூன்றாம் வேற்றுமையும் வந்துவிடும்: பொன்னால் ஆகிய குடம் பொற்குடம், பாசியால் ஆகிய தட்டி பாசித்தட்டி. தட்டியைச் சுரண்டலாம், யாரும் வெந்நீரில் வேகவைக்க மாட்டார்கள்.

கொளத்தூரிலிருந்து:
இது வாயில் நிற்கிறது அக்கா. என் ஓட்டு இதற்கு.

மயிலாப்பூரிலிருந்து:
இலக்கணம் சரி. ஆனால் இந்தியில் 'டட்டி' என்றாலும் மூங்கில் தட்டிதான். கழிப்பறைக்கும் அதே சொல். யார் யாரிடம் வாங்கியது என்று பார்க்காமல் நான் இசைய மாட்டேன்.

அடையாற்றிலிருந்து:
தட்டியே தமிழில்லை என்றால் சென்னையில் பாதி வீடு வெயிலில் நிற்க வேண்டியதுதான். பாசித்தட்டியே இருக்கட்டும், முதல் பக்கத்தில் மட்டும் பக்கத்திலேயே ஸ்க்ரப்பர் என்றும் போட்டுவிடுங்கள்.

தாம்பரத்திலிருந்து:
சரி, அப்படியே போடுகிறேன். ஐயாவின் மறுப்பு பதிவாகிவிட்டது. தொட்டி நீரின் அழுக்கை எடுக்கிற இன்னொரு கருவியான புரோட்டீன் ஸ்கிம்மருக்கு 'நுரைநீக்கி' என்று எழுதி முடித்துவிட்டேன்.

மயிலாப்பூரிலிருந்து:
அந்தக் கருவி நுரையை நீக்குகிறதா, நுரையால் அழுக்கை நீக்குகிறதா?