இண்டியானா 2015: கிளிண்டன் போட்ட அதே சட்டம்தானே, அப்புறம் ஏன் அந்தக் கூச்சல்?

ஜெபராஜ்_குமரி
போன வாரம் வேறொரு திரியில், "மதச் சுதந்திரம்னு பேர் வைத்து ஓரினச்சேர்க்கையாளரை விரட்டும் சட்டங்கள்" என்று ஒருவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். அங்கே பேசினால் திசைதிருப்பல் ஆகும், அதனால் தனித் திரி.

2015-ல் நான் இண்டியானாவில் கொலம்பஸ் என்ற ஊரில் இருந்தேன். கம்மின்ஸ் இன்ஜின் கம்பெனியின் தலைமையகம் இருக்கும் ஊர், நம்மாட்கள் நிறைய. அப்போதைய ஆளுநர் மைக் பென்ஸ் பிறந்ததும் அங்கேதான். மார்ச் 26-ம் தேதி அவர் மதச் சுதந்திர மீட்புச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். ஏப்ரல் 2-ம் தேதி அதே கையால் திருத்தத்திலும் போட வேண்டி வந்தது. நடுவில் ஒரு வாரம். ஒரு வழக்கில்லை, ஒரு தீர்ப்பில்லை, ஒரு தேர்தல் இல்லை. சேல்ஸ்ஃபோர்ஸ் மென்பொருள் நிறுவன முதலாளி "என் ஊழியர்களை இண்டியானாவுக்கு அனுப்ப மாட்டேன்" என்றார். ஆப்பிளின் டிம் குக் வாஷிங்டன் போஸ்ட்டில் கட்டுரை எழுதினார். இண்டியானாபொலிஸ் ஸ்டார் பத்திரிகை முதல் பக்கம் முழுக்க, இதை இப்போதே சரிசெய் என்று கொட்டை எழுத்தில் போட்டது.

இத்தனைக்கும் இது என்ன சட்டம்? 1990-ல் ஓரிகனில் இரண்டு பேர், பூர்வகுடித் திருச்சபைச் சடங்கில் பெயோட்டே என்ற போதைக் கள்ளியைச் சாப்பிட்டதால் வேலை போய், வேலையில்லாதோர் உதவித்தொகையும் மறுக்கப்பட்டு, உச்ச நீதிமன்றத்தில் தோற்றார்கள். அந்த அநியாயத்துக்குப் பதிலாக 1993-ல் வந்த சட்டம். செனட்டில் 97-3. கிளிண்டன் கையெழுத்து. ஒருவரின் வழிபாட்டுக்கு அரசு பெரிய இடைஞ்சல் செய்ய வேண்டுமென்றால் தட்ட முடியாத காரணம் காட்டு, அதைவிட மென்மையான வழி இல்லை என்றும் காட்டு. அவ்வளவுதான் அதன் சாரம். சிறுபான்மை மதத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு அதன் அருமை தெரியும். பில் கிளிண்டன் செய்தால் புண்ணியம், பென்ஸ் செய்தால் பாவமா?

வக்கீல்வாசு
கதையில் பாதி சரி. "அதே சட்டம்" என்பது மட்டும் சரியில்லை.

1997-ல் உச்ச நீதிமன்றம், கிளிண்டன் சட்டம் மாநில அரசுகளைக் கட்டுப்படுத்தாது என்று சொன்னது. அதன்பிறகுதான் பெரும்பாலான மாநிலங்கள் தங்களுக்கென்று தனித்தனியாகப் போட ஆரம்பித்தன. அதுவரை பிரச்சினையில்லை. இண்டியானா வரைவில் இரண்டு ஒட்டு வேலைகள். ஒன்று, லாப நோக்குள்ள நிறுவனங்களும் "நபர்" கணக்கில் வந்தன. இரண்டாவது இன்னும் முக்கியம்: அரசு ஒரு தரப்பாக இல்லாத வழக்கிலும், அதாவது ஒரு வாடிக்கையாளர் ஒரு கடைக்காரர் மேல் போடும் வழக்கிலும், கடைக்காரர் இதைக் கேடயமாகப் பிடிக்கலாம் என்று வெளிப்படையாகவே எழுதினார்கள். 1993 சட்டத்தில் அந்த வாசகம் கிடையாது.

அரசிடமிருந்து குடிமகனைக் காப்பது ஒன்று. பக்கத்து வீட்டுக்காரனிடமிருந்து காத்துக்கொள் என்று ஒருவன் கையில் மட்டும் கேடயம் கொடுப்பது வேறு.

ஜெபராஜ்_குமரி
// லாப நோக்குள்ள நிறுவனங்களும் "நபர்" கணக்கில் //
வாசு சார், அதை 2014-லேயே ஹாபி லாபி வழக்கில் உச்ச நீதிமன்றமே குடும்ப நிறுவனங்களுக்குக் கொடுத்துவிட்டதே. இரண்டாவது விஷயத்திலும், மத்தியச் சட்டத்தை அப்படிப் பயன்படுத்தலாமா என்று கீழ் நீதிமன்றங்கள் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தன. இண்டியானா அதைத் தெளிவாக்கியது. அதில் சூது எங்கே?

வக்கீல்வாசு
சூது வாசகத்தில் மட்டும் இருக்காது, கையெழுத்துப் போட்ட அறையிலும் இருக்கும். கதவைச் சாத்திக்கொண்டு நடந்த நிகழ்ச்சி. பிறகு வந்த புகைப்படத்தில் ஆளுநருக்குப் பின்னால் துறவியர் மட்டுமா நின்றார்கள்? ஒருபாலினத் திருமணத்தை எதிர்த்து வருடக்கணக்கில் பிரசாரம் செய்த ஆட்களும் நின்றார்கள். அதில் ஒருவரின் அமைப்பு, கேக் கடைக்காரர், பூக்கடைக்காரர், புகைப்படக்காரர் எல்லாம் அப்படிப்பட்ட திருமணங்களை மறுத்தால் தண்டனை வராமல் இந்தச் சட்டம் காக்கும் என்றே தன் தளத்தில் போட்டிருந்தது. மூன்று நாள் கழித்து ஏபிசி தொலைக்காட்சியில் ஸ்டெஃபனோபுலஸ் திரும்பத் திரும்பக் கேட்டார்: இனி ஒரு கடைக்காரர் ஒரு தன்பாலீர்ப்பாளருக்குச் சேவை மறுக்கலாமா, ஆமாவா இல்லையா? பென்ஸ் ஒரு முறைகூட ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. "இல்லை" என்ற ஒரு சொல் அன்று அந்தத் தீயை அணைத்திருக்கும்.

கூடல்குமரன்
எனக்கு ரெண்டு பக்கமும் ஒட்டலண்ணே. ஆனா டிம் குக்கை ஏதோ தியாகி மாதிரி பேசுறதைத்தான் தாங்க முடியல. சவுதியில ஐபோன் விக்கிறாங்கல்ல? அங்க இந்த ஆளுங்களுக்கு என்ன தண்டனைன்னு ஊருக்கே தெரியும். அங்க எந்தப் பத்திரிகையில கட்டுரை எழுதினாரு? இண்டியானாக்காரன் இளிச்சவாயன், அவன்கிட்ட வீரம்.

தேன்மொழி
குமரன், சவுதியில் பேசாதவர் எங்கேயும் பேசக் கூடாதா? உங்கள் கணக்குப்படி உசிலம்பட்டி இரட்டைக் குவளையைப் பற்றி மதுரையில் பேசுகிறவர் முதலில் உலகத்தையே திருத்திவிட்டு வர வேண்டும்.

ஆமாம், குவளையை வேண்டுமென்றேதான் இழுத்தேன். தென் கரோலினாவில் பிக்கி பார்க் என்று ஒரு பார்பிக்யூ உணவகக் குழுமம் இருந்தது. கறுப்பர்களை உள்ளே உட்காரவிடவில்லை. 1964 குடிமை உரிமைச் சட்டம் வந்ததும் முதலாளி சொன்ன காரணங்களில் ஒன்று: இனங்கள் கலப்பது என் மத நம்பிக்கைக்கு விரோதம். 1968-ல் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை அற்பமானது என்று ஒதுக்கித் தள்ளியது. அவரும் மனதார நம்பியிருக்கலாம், ஜெபராஜ் அண்ணே. நம்பிக்கை உண்மையானதா என்பதல்ல கேள்வி.

ஜெபராஜ்_குமரி
தேன்மொழி, இனவெறியனையும் என் சபைப் போதகரையும் ஒரே தராசில் வைத்துவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்தது. அவன் ஆளையே உள்ளே விடவில்லை. நான் பேசுவது ஆளைப் பற்றி அல்ல, ஒரு சடங்கில் பங்கெடுப்பதைப் பற்றி. கடைக்கு வருகிறவர் யாராக இருந்தாலும் காபி கொடுக்காதவன் கிறிஸ்தவனே இல்லை. அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது.

வாக்கர்டன் என்ற சின்ன ஊரில் மெமரீஸ் பீட்ஸா என்று ஒரு குடும்பக் கடை. அந்த வாரம் ஒரு உள்ளூர் டிவி நிருபர் கடைக்குள் போய்க் கேட்கிறார். அவர்கள் சொன்னது: ஓரினச்சேர்க்கையாளர் சாப்பிட வந்தால் பரிமாறுவோம், அவர்கள் கல்யாணத்துக்கு மட்டும் சமைத்துக் கொடுக்க மாட்டோம். நினைத்துப் பாருங்கள், யார் கல்யாணத்துக்குப் பீட்ஸா போடுகிறார்கள்? யாரும் அவர்களிடம் ஆர்டர் கேட்கவில்லை, அவர்கள் யாரையும் மறுக்கவும் இல்லை. ஒரு கற்பனைக் கேள்விக்கு மனதில் பட்டதைச் சொன்னார்கள். அன்று இரவுக்குள் நாடு முழுக்க வசை, மிரட்டல். பக்கத்து ஊர்ப் பள்ளிப் பயிற்சியாளர் ஒருவர், கடையைக் கொளுத்தப் போகலாமா என்ற தோரணையில் ட்விட்டரில் எழுதி வேலையிலிருந்து இடைநிறுத்தப்பட்டார். கடையை மூடினார்கள். இதற்குப் பேர் பாகுபாட்டுக்கு எதிரான எழுச்சியா?

தேன்மொழி
மிரட்டியது அயோக்கியத்தனம், அதில் மாற்றுக்கருத்தே இல்லை. ஆனால் கதையைப் பாதியில் நிறுத்துகிறீர்கள். அதே கடைக்கு இணையத்தில் 8 லட்சத்து 40 ஆயிரம் டாலருக்கு மேல் நன்கொடை குவிந்தது, சில நாளில் திறந்தும்விட்டார்கள். பலியாடு கதைக்கு அது கொஞ்சம் அதிகத் தொகை.

கூடல்குமரன்
பீட்ஸா சாப்பிடாமலே காசு குடுத்த கூட்டம் 🙂

மழைமேகம்
இந்தத் தளத்தில் பத்து வருடமாகப் படிப்பவன், எழுதியது குறைவு. அந்த வருடங்களில் நானும் இண்டியானாவில்தான் இருந்தேன், என் இணையருடன்.

2014 கோடையில் வீடு தேடினோம். இண்டியானாபொலிஸுக்கு வெளியே ஒரு சிறு நகரம். ஒரு வயதானவர் வீட்டைச் சுற்றிக் காட்டினார், சமையலறையில் மசாலா வாடை பற்றி வேடிக்கையாகப் பேசினார், முன்பணம் வரை வந்துவிட்டது. "இரண்டு படுக்கையறையில் யாருக்கு எது?" என்று கேட்டார். என் இணையர் சிரித்துக்கொண்டே ஒன்று போதும் என்றார். கத்தவில்லை, திட்டவில்லை. மன்னிக்கணும் தம்பிகளா, என் மனைவிக்கு இது ஒத்துவராது என்றார். காரில் திரும்பும்போது இருவரும் பேசவில்லை. பிறகு ஒரு வழக்கறிஞரிடம் கேட்டோம். இண்டியானாபொலிஸ் எல்லைக்குள் என்றால் நகரமன்ற விதி இருக்கிறது, இந்த ஊரில் எதுவும் இல்லை, மாநிலச் சட்டத்தில் உங்களைப் போன்றவர்கள் என்று ஒரு சொல்லே இல்லை என்றார். கவனியுங்கள், இது பென்ஸ் கையெழுத்துப் போடுவதற்கு முந்திய வருடம்.

அதனால் 2015 மார்ச்சில் எல்லோரும் கொதித்தபோது எனக்குள் ஒரு குழப்பம். கடைக் கதவுகளில் "எல்லோருக்கும் சேவை செய்வோம்" என்று ஸ்டிக்கர் ஒட்டினார்கள். முதன்முதலில் அதைப் பார்த்தபோது கண் கலங்கியது நிஜம். ஆனால் அந்தப் பெரியவர் செய்ததற்கு அவருக்கு எந்தப் புதுச் சட்டமும் தேவைப்பட்டிருக்கவில்லை. ஏப்ரல் 2 திருத்தத்துக்குப் பிறகும் அவர் அதையே செய்யலாம்.

வக்கீல்வாசு
மழைமேகம் சொன்னதுதான் இந்தத் திரியில் மிக முக்கியமான விஷயம். நானும் அதைத் தாண்டிப் போய்விட்டேன்.

திருத்தம் செய்தது இவ்வளவுதான்: பாலீர்ப்பு, பாலின அடையாளம் காரணமாகச் சேவையோ வேலையோ வீடோ மறுக்க *இந்தச் சட்டத்தை* அனுமதியாகக் காட்ட முடியாது, தேவாலயங்களுக்கும் மதகுருமார்களுக்கும் இந்தத் தடை பொருந்தாது. மறுப்பதே குற்றம் என்று சொல்லவில்லை. அதைச் சொல்ல மாநிலக் குடிமை உரிமைச் சட்டத்தில் சேர்க்க வேண்டும். 2016-ல் அதற்கென்று வந்த முன்வரைவு செனட்டில் வாக்கெடுப்புக்கே வராமல் செத்தது. அந்த நேரம் எந்தக் கம்பெனியும் ஊழியர் பயணத்தை நிறுத்தவில்லை. கார்மெல், ஜெபராஜின் கொலம்பஸ் போன்ற நகரங்கள் 2015 இலையுதிர் காலத்தில் தாங்களே விதி போட்டுக்கொண்டன. வேலை விஷயத்தில் மட்டும் 2020-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு நாடு முழுக்கப் பாதுகாப்பு கொடுத்தது.

அதே 2015 மார்ச்சில், இண்டியானாவுக்கு இரண்டு வாரம் முன்னால், யூட்டா ஒரு சட்டம் போட்டது. மார்மன் சபை ஆதரவோடு, வேலையிலும் வீட்டிலும் தன்பாலீர்ப்பாளரை ஒதுக்கத் தடை, மத அமைப்புகளுக்கு விலக்கு. கடைகள் அதில் வரவில்லை, குறை உண்டு. ஆனாலும் நாட்டின் மிகப் பழமைவாத மாநிலங்களில் ஒன்று, இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசியது. யாரும் அதைப் பற்றித் திரி தொடங்குவதில்லை.

கூடல்குமரன்
இதத்தான் நான் மொதல்லயே சொல்ல வந்தேன், வாய் சரியா வரல. அந்த வாரம் இண்டியானாபொலிஸ்ல என்ன நடக்க இருந்துச்சு? கல்லூரிக் கூடைப்பந்து ஃபைனல் ஃபோர். அதை நடத்துற என்சிஏஏ அமைப்போட தலைமையகமே அந்த ஊர்லதான். ஜென் கான் பலகை விளையாட்டுத் திருவிழா வேற ஊருக்குப் போயிருவேன்னுச்சு. மாநாடு, ஓட்டல், பார்க்கிங், எல்லாம் காசு. அதான் ஒரு வாரத்துல மடிஞ்சாங்க. அரிசோனாவுல 2014-ல இதே கதை, அடுத்த வருச சூப்பர் பவுல் ஃபுட்பால் இறுதிப் போட்டி அங்க, ஆளுநரு வீட்டோ பண்ணிட்டாங்க. ஜார்ஜியாவுல 2016-ல டிஸ்னி படப்பிடிப்ப நிறுத்துவேன்னுச்சு, அங்கயும் வீட்டோ.

மிஸிஸிப்பி? அதே 2016-ல போட்ட சட்டம் இண்டியானாவ விட பல மடங்கு பச்சை. திருமணம்னா ஆணும் பெண்ணும்தான்னு நம்புறவனுக்குத் தனிப் பாதுகாப்புன்னு எழுத்துலயே இருக்கு. கீழ்க்கோர்ட்டு நிறுத்துச்சு, மேல்கோர்ட்டு வழக்குப் போட உங்களுக்கு உரிமை இல்லன்னு திருப்பி விட்டுச்சு, 2017 அக்டோபர்ல இருந்து அமல்ல இருக்கு. அங்க சூப்பர் பவுலும் இல்ல, ஃபைனல் ஃபோரும் இல்ல. அங்க இருக்கிற மழைமேகத்துக்கு ஸ்டிக்கர் யார் ஒட்டுவா?

ஜெபராஜ்_குமரி
குமரன், நான் சொன்னதையே என்னைவிட நன்றாகச் சொன்னீர்கள். நியாயத்தின் விலையைக் கம்பெனிகள் முடிவு செய்தன.

மழைமேகம், உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். அந்தப் பெரியவர் செய்தது தவறு. வீடு என்பது சடங்கு இல்லை. வாடகைக்கு விடுகிறவன் யார் எந்தக் கட்டிலில் படுக்கிறார் என்று பார்க்கக் கூடாது. அதைத் தடுக்க மாநிலச் சட்டம் வந்தால் நான் எதிர்க்க மாட்டேன்.

ஆனால் கல்யாணக் கேக்கில் என் நிலை மாறாது. சைவச் சமையல்காரரிடம் போய் மட்டன் பிரியாணி செய்யச் சொல்லி, மறுத்தால் வழக்குப் போடுவோமா? 2018-ல் கொலராடோ கேக்காரர் 7-2 என்று ஜெயித்தார். 2023-ல் இணையதள வடிவமைப்பாளர் 6-3. உச்ச நீதிமன்றம் எங்கள் பக்கம்தான்.

தேன்மொழி
சைவச் சமையல்காரர் *யாருக்குமே* மட்டன் சமைக்க மாட்டார், அண்ணே. அது பட்டியலில் இல்லாத பண்டம். பட்டியலில் கல்யாணக் கேக் இருக்கிறது, முன்னால் நிற்கிறவர் முகத்தைப் பார்த்து இல்லை என்கிறார்கள். இரண்டும் ஒன்றா?

வக்கீல்வாசு
தீர்ப்புகளைக் கொஞ்சம் நிதானமாக. 2018-ல் கேக்காரர் ஜெயித்தது, கொலராடோ ஆணையம் அவர் மதத்தைப் பற்றி இளக்காரமாகப் பேசியதால். மறுக்கும் உரிமை உண்டா என்ற பெரிய கேள்வியைத் தொடவில்லை. 2023 தீர்ப்பு மதச் சுதந்திரத்தில் நிற்கவே இல்லை, பேச்சுச் சுதந்திரத்தில் நிற்கிறது: ஒருவரைத் தான் நம்பாததை எழுதச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. பீட்ஸா பேச்சா என்று யாராவது வழக்குப் போட்டால் தெரியும்.

இன்னொன்று. இந்தச் சட்டம் யார் கையில் போய்ச் சேர்ந்தது என்று பாருங்கள். பென்ஸ் கையெழுத்துப் போட்ட அன்றே இண்டியானாபொலிஸில் கஞ்சா திருச்சபை என்று ஒன்றைப் பதிவு செய்தார்கள், கஞ்சா எங்கள் புனிதப் பொருள் என்று. நீதிமன்றம் ஏற்கவில்லை. 2022-ல் இண்டியானா கருக்கலைப்பைத் தடை செய்தபோது, எங்கள் மதம் இதை அனுமதிக்கிறது என்று யூதப் பெண்கள் உள்ளிட்டோர் இதே மதச் சுதந்திரச் சட்டத்தைக் கையில் எடுத்துப் போனார்கள். 2024 ஏப்ரலில் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம், அவர்களுக்குக் கிடைத்த இடைக்காலத் தடையைப் பெரும்பாலும் உறுதி செய்தது. 2015-ல் அந்த அறையில் நின்றவர்கள் இதைக் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள்.

ஜெபராஜ்_குமரி
யூதப் பெண்கள் விஷயம் எனக்குத் தெரியாது. அவர்கள் வாதம் எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் சட்டம் அவர்களுக்கும்தான் என்று சொல்லாவிட்டால் நான் மேலே எழுதியது எல்லாம் பொய்யாகிவிடும்.

கேக்கில் ஒத்துப்போகப் போவதில்லை, விடுங்கள். வாசகம் வேறு என்று வாசு சார் காட்டியதை மட்டும் ஏற்கிறேன். மட்டுறுத்துநர் அவர்களே, தலைப்பில் "அதே" என்ற சொல்லை எடுத்துவிட முடியுமா?

மழைமேகம்
"வீடு சடங்கு இல்லை" என்றதற்கு நன்றி, ஜெபராஜ். நாங்கள் 2016-ல் திருமணம் செய்துகொண்டோம். கேக் கடையில் வாங்கவில்லை. எங்கே வாங்குவது, என்ன கேட்பார்கள் என்று யோசித்தே அலுத்துப்போய், ஒரு தோழி வீட்டில் கேசரி கிண்டினோம்.

மட்டுறுத்துநர்
திரி தொடங்கி 24 மணி நேரம் கடந்தால் தலைப்பை மாற்ற இயலாது.