மேடை உரை எழுதியவர் வாழ்க்கை வரலாறு எழுதப் புகும்போது

காட்பாடி வாசகர்:
வேலூர் வட்டாரத்து அரசியல் பிரமுகர் ஒருவருக்குப் பல ஆண்டுகள் மேடை உரைகள் எழுதிக் கொடுத்து வந்த நான், இப்போது அப்பணியிலிருந்து விலகி, பழைய வடஆற்காடு மாவட்டத்தின் விடுதலைப் போராட்டக் காலத் தலைவர் ஒருவருடைய வரலாற்றை எழுதத் தொடங்கியிருக்கிறேன். கென்னடிக்கு உரை எழுதி, பின்னர் அவருடைய வரலாற்றையும் எழுதிய டெட் சோரன்சனின் வழி எனக்குப் பயன்படுமா என்று அறிந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

ஆற்காடு நண்பர்:
ஐயா, சோரன்சனை முன்மாதிரியாக அல்ல, எச்சரிக்கையாகவே கொள்ளுங்கள். நெப்ராஸ்காவில் 1928-இல் பிறந்த அவர், 1953-இல் செனட்டர் கென்னடியிடம் உதவியாளராகச் சேர்ந்து, 1961-ஆம் ஆண்டின் பதவியேற்பு உரை உட்பட அவருடைய பேச்சுகள் பலவற்றுக்குத் துணை நின்றார். 1963 நவம்பரில் கென்னடி கொல்லப்பட்டார். 1965-இலேயே வரலாற்று நூல் வெளிவந்துவிட்டது. உடனிருந்து பார்த்தவருக்கே கிட்டும் விவரங்கள் அதில் நிறைய உண்டு என்றாலும், துக்கம் ஆறுவதற்குள், தலைவருக்காக வாதாடிப் பழகிய அதே கை எழுதியது என்பதை மறைக்க முடியவில்லை. கென்னடியின் பெயரில் வெளியாகி 1957-இல் புலிட்சர் பரிசு பெற்ற நூலின் பெரும்பாலான அத்தியாயங்களுக்கு முதல் வரைவு எழுதியவர் தாமே என்பதைக்கூட, 2008-இல் வெளியிட்ட தன்வரலாற்றில்தான் வெளிப்படையாகச் சொன்னார்.

வாலாஜாப்பேட்டை ஆசிரியர் (பணி ஓய்வு):
மேலே சொன்ன செய்தியையே நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். ஒரு தலைவரின் பெயரில் அச்சான உரையை, அவருடைய உள்ளத்தின் நேரடிச் சான்றாகவே பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் எடுத்தாளுகிறார்கள். அதை எழுதியவர் யார், எந்த வரி யாருடைய வற்புறுத்தலால் நீக்கப்பட்டது என்று கேட்கத் தோன்றுவது உங்களைப் போன்றவருக்குத்தான். சோரன்சனைவிட உங்களுக்கு நெருக்கமானவர் டெட் விட்மர். அதிபர் கிளிண்டனுக்கு உரைகள் எழுதிய அவர், பிறகு தம் காலத்துத் தலைவரை விட்டுவிட்டு, லிங்கன் 1861-இல் ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து வாஷிங்டனுக்குச் சென்ற 13 நாள் ரயில் பயணத்தை எடுத்து எழுதினார். லிங்கனிடம் அவருக்கு நன்றிக்கடனும் இல்லை, மனக்கசப்பும் இல்லை. நீங்கள் தேர்ந்தெடுத்த தலைவரும் அப்படித்தான் என்பது நல்லது.

ஆற்காடு நண்பர்:
ஒப்புக்கொள்கிறேன். ஆனால், மேடையில் கைதட்டலுக்காக விட்டுவிடும் எதிர்ச்சான்றை, நூலில் முழுமையாக எழுதியே தீர வேண்டும். இன்னொன்று: 1911 வரை வடஆற்காட்டின் தலைமையிடம் சித்தூர். ஆகவே எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் அதற்கு முற்பட்ட மாவட்டக் கடிதங்களைத் தேடுவதானால், வேலூரோடு சித்தூரின் பெயரையும் சேர்த்துக் கேளுங்கள்.