கிரீனுக்குக் குறுக்கே இரண்டு கோடுகள்: பனிக்கால கோல்ஃப் மைதான வேலையில் மனத்தைவிட்டு அகலாதவை

தடம்போடுபவன்

நான்கு பனிக்காலம் கடந்துவிட்டது, இன்னும் உறுத்துகிறது. எழுதிவிட்டால் சற்று ஆறும் என்று நினைக்கிறேன்.

எங்கள் கோல்ஃப் மைதானத்தில் பனிக்காலத்தில் பனிச்சறுக்கு நடக்கும். சறுக்குவோருக்குத் தடம் போடுவது என் வேலை. 11ஆவது கிரீனை, அதாவது குழியைச் சுற்றி மிகக் குட்டையாக வெட்டிய புல்தரையை, யாரும் மிதிக்காதிருக்கச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தோம். இரவு முழுவதும் கொட்டிய பனியில் கயிறு புதைந்துபோனது. விடிகாலை மூன்று மணிக்கு ஸ்னோமொபைலின் பின்னால் உருளையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். வளைவில் திரும்பினால், கிரீனின் நட்டநடுவில் ஒரு நெற்றிவிளக்கு அசைந்து வருகிறது.

எஞ்சினை அணைத்தேன். சறுக்கி வந்தவர் வயதானவர். மீசையெல்லாம் உறைபனி. "ஐயா, நீங்கள் நிற்பது கிரீன்" என்றேன். அவர் குனிந்து பார்த்தார், கோலால் ஒருமுறை தட்டினார். "எல்லாம் பனிதானே தம்பி, கீழே என்ன இருக்கிறது?" என்றார். அதில் கேலி இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். விடிவதற்குள் ஒன்பது கிலோமீட்டர் முடிக்க வேண்டும் என்ற அவசரம் எனக்கு. "பார்த்துப் போங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

பனியில் ஒரு தடம் விழுந்தால் அடுத்தவரும் அதிலேயே வருவார். கயிற்றை நான் தோண்டியெடுத்துக் கட்டுவதற்குள் அது நன்றாக மிதிபட்ட பாதையாகிவிட்டது. வசந்தத்தில் சுற்றிலும் பனி உருகிய பிறகும் அந்தப் பாதை மட்டும் பனிக்கட்டியாகப் பல நாள் கிடந்தது. அதுவும் கரைந்ததும் கிரீனுக்குக் குறுக்கே இரண்டு பழுப்புக் கோடுகள். ஓரங்களில் நனைந்த பஞ்சு போலப் பூஞ்சை. கோடை பிறக்கும்வரை அவை மறையவில்லை. அந்தப் பெரியவருக்கு ஒரு நிமிடம் ஒதுக்கியிருக்கக் கூடாதா நான்?

பசும்புல்

தம்பி, அவரையும் நொந்துகொள்ளாதீர்கள், உங்களையும் நொந்துகொள்ளாதீர்கள். தவறு கயிற்றில்தான். இடுப்பளவுக் கயிறு ஒரே இரவுப் பனிக்குத் தாங்காது. ஆளுயரக் கம்பு வேண்டும், அதுவும் மண் உறைவதற்கு முன்பே நட்டிருக்க வேண்டும். நான் ஒருமுறை நடுக் குளிர்காலத்தில், உறைந்த தரையில் கம்பை ஓங்கி அடித்து இறக்கினேன். வசந்தத்தில் பாசன நீரைத் திறந்தபோது அந்த இடத்திலிருந்து ஊற்று பீறிட்டது. குழாயையே துளைத்திருக்கிறேன். என் கதை அவ்வளவுதான்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தடத்தை எந்த வழியாகப் போடுவது என்று பனி விழுந்த பிறகு யோசிக்காதீர்கள். இலையுதிர் காலத்திலேயே நடந்து பாருங்கள். மனிதர் எங்கே குறுக்குவழி தேடுவாரோ அங்கே கிரீனோ, முதல் அடி அடிக்கும் டீ மேடோ இருக்கக் கூடாது. இருந்தால் தடத்தை நாற்பதடி தள்ளிப் போடுங்கள். கம்பும் கயிறும் செய்யாத வேலையை அந்த வளைவே செய்துவிடும். குளத்தின் மேல் எவ்வளவு தடித்த பனிக்கட்டி இருந்தாலும் இயந்திரத்தை ஏற்றாதீர்கள். மெல்லிய பனியில் தடம் போடும் இயந்திரத்தின் சீப்பு போன்ற பற்களை ஆழமாக இறக்காதீர்கள். மண் மேலே வந்துவிட்டால் அந்த இடம் வெயிலை இழுத்துச் சுற்றியுள்ள பனியையும் உருக்கிவிடும்.

பூஞ்சையைப் பற்றியும் சொல்கிறேன். சாம்பல் பூஞ்சைக்குச் சுமார் 60 நாள் இடைவிடாத பனிப்போர்வை வேண்டும். இளஞ்சிவப்புப் பூஞ்சைக்குப் பனியே வேண்டியதில்லை, குளிரும் ஈரமும் போதும். பனி கெட்டியானால் உருகத் தாமதமாகும், பூஞ்சைக்கு நாள் கூடுதலாகக் கிடைக்கும். உங்கள் இரண்டு கோடுகளுக்குக் காரணம் அதுதான். மருந்தை நிலையான பனி விழுவதற்கு முன்பே தெளித்துவிட வேண்டும். அதற்குப் பிறகு வசந்தம்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

குழிவெட்டி

"கீழே என்ன இருக்கிறது?" இந்தக் கேள்வியை என்னிடமும் கேட்டார்கள். எங்கள் மைதான மேலாளரே கேட்டார்.

அந்த வருடம் நடுக் குளிர்காலத்தில் மழை பெய்து, மறுநாளே எல்லாம் உறைந்தது. கிரீன்களின் மேல் இரண்டு விரல் தடிமனுக்குக் கண்ணாடி போலப் பனிக்கட்டி. இந்த வேலையில் இருப்பவர்கள் எல்லாரும் நாட்களை எண்ணத் தொடங்குவது அப்போதிலிருந்துதான். போவா புல் கட்டிக்குக் கீழே 45 முதல் 60 நாள் தாங்கும், பென்ட்கிராஸ் என்ற புல் 90 நாளுக்கு மேலும் தாங்கும். எங்களிடம் இரண்டும் கலந்திருந்தன.

42ஆம் நாள் கட்டியை உடைத்தேன். அந்த விரிசலிலிருந்து வந்த வாடையை இன்றுவரை மறக்க முடியவில்லை: புளித்த, அழுகிய நாற்றம். காற்றுப் போகாமல் புல் மூச்சடைத்துக் கிடக்கும்போது வரும் வாடை அது. புல் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, குழி வெட்டும் கருவியால் மண்ணோடு ஒரு புல்துண்டை எடுத்துப் பழைய பெயின்ட் டப்பாவில் வைத்து, பட்டறை ஜன்னலில் வைத்தேன்.

மேலாளர் தினமும் காலையில் வந்து டப்பாவை எட்டிப் பார்ப்பார். ஒன்றும் பேசமாட்டார். எங்கள் முதிய மெக்கானிக் மட்டும் பிளேடு தீட்டுவதை நிறுத்திவிட்டுப் பூதக்கண்ணாடியோடு குனிவார். ஒன்பதாம் நாள் அவர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். வைக்கோல் நிறத் தாள்களுக்கு நடுவே, ஊசிமுனை அளவில் ஒரு பச்சை. பிறகு இன்னொன்று. இரண்டும் பென்ட். போவா ஒன்றுகூட எழவில்லை.

அன்றே கறுப்பு மணலைத் தூவிக் கட்டியை உருக வைத்தோம். அடுத்த வாரம் கடுங்குளிர் திரும்பியது, மூடாத கிரீன்களில் கொஞ்சம் அதனாலும் போயிற்று. இன்னும் பத்து நாள் முன்னால் உடைத்திருக்க வேண்டுமா, இல்லை உடைக்காமலே விட்டிருக்க வேண்டுமா? இரவில் விழித்துக்கொண்டால் இன்றும் இந்தக் கணக்குத்தான்.

அதிகாலைச் சறுக்காளர்

நான் மைதானத்தில் வேலை செய்பவள் அல்ல, சறுக்க வருபவள். பசும்புல் ஐயா தடத்தைத் தள்ளிப் போடச் சொல்கிறார். நாங்கள் எங்கும் புகுந்துவிடுவோம் என்ற எண்ணத்திலேயே இது எழுதப்பட்டிருக்கிறது. எனக்கு அதில் வருத்தம் உண்டு. சொன்னால் கேட்போம். ஆனால் நான் ஒருமுறை கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தடம் பதித்துக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்து வண்டியை நிறுத்தினார். "பனி இன்னும் பிடிக்கவில்லை அம்மா, மூன்று மணி நேரம் பொறுங்கள்" என்றார். இயந்திரம் நொறுக்கிய துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகக் குளிரும் நேரமும் வேண்டும் என்று அப்போது எனக்குத் தெரியாது. எட்டு மணிக்கு வேலைக்குப் போக வேண்டும். அவர் பார்வையிலிருந்து மறைந்ததும் இறங்கிவிட்டேன். கோல் முழங்கால்வரை புதைந்தது. நான் தடுமாறி விழுந்த இடத்தில் என் முழு உருவமும் பதிந்தது.

அது இறுகிவிட்டது. அடுத்த மழைவரை ஆறு நாள், அந்தப் பள்ளத்தில் ஒவ்வொருவராக இடறுவதைப் பார்த்தேன். ஒரு சிறுமியும் விழுந்தாள். இரவெல்லாம் உழைத்தவரிடம் போய் மன்னிப்புக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவரை அங்கே பார்க்கவும் இல்லை.

பட்டறைக்காரன்

எல்லாரும் பனியைப் பேசுகிறீர்கள். பனி விழுமுன் பாசனக் குழாயில் காற்றைச் செலுத்தி நீரை ஊதியெடுக்கிற வேலையை யாரும் பேசவில்லை.

ஒரு வருடம் ஒரே ஒரு தாழ்வான தெளிப்பானை விட்டுவிட்டோம். தேங்கிய நீர் உறைந்து, அதன் கீழிருந்த குழாய் வெடித்துவிட்டது. அந்த இடத்துக்கு மேலேதான் தடம் போனது, பனிக்காலம் முழுவதும் யாருக்கும் தெரியவில்லை.

கம்ப்ரஸரை வாடகைக்கு எடுப்பவர்களுக்கு: அழுத்தத்தைக் கூட்டாதீர்கள். வேலை செய்வது காற்றின் அளவு, அழுத்தம் இல்லை. கம்ப்ரஸர் காற்று சூடாக வரும், பிளாஸ்டிக் குழாய் இளகும். நுழைவாயில் குழாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருங்கள். தெளிப்பான் முதலில் தண்ணீரைத் துப்பும், பிறகு வெண்புகை போலத் தூவும். புகை நின்றதும் மூடிவிடுங்கள். காய்ந்த பல்சக்கரங்களைக் காற்றில் சுழலவிட்டால் தேய்ந்துபோகும். ஒரே மூச்சில் முடித்துவிட்டதாக நம்பாமல் மறுபடியும் ஒரு சுற்று வாருங்கள். முதல் சுற்றில் மேட்டிலிருந்த நீர் இதற்குள் பள்ளத்துக்கு வந்திருக்கும்.

தடம்போடுபவன்

பசும்புல் அண்ணா, கம்பு இப்போது ஆளுயரம்தான், தடத்தையும் தள்ளிவிட்டோம். அம்மா, தடம் போட்டவர் அடுத்த பனிக்காக அன்றிரவே மீண்டும் கிளம்பியிருப்பார், அவர் மனத்தில் அது தங்கியிருக்காது.

குழிவெட்டி அண்ணா, உங்களிடம் ஒரு கேள்வி. எங்கள் 11இல் கட்டி பிடித்து இன்று 38 நாள். நாளை துண்டு எடுக்கலாம் என்றிருக்கிறேன். எங்கே வெட்டுவது?

குழிவெட்டி

தாழ்வான, நிழல் விழும் மூலையில் ஒன்று, மேட்டில் ஒன்று. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். ஹீட்டருக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள் தம்பி. முதல் நாள் குளிர்ந்த அறையில் மெதுவாக உருகட்டும், பிறகு ஜன்னலுக்குக் கொண்டுவாருங்கள். டப்பாவின் மேல் தேதியை எழுதுங்கள். கட்டியை உடைக்கும்போது வாடை வந்தால், எந்த நேரமானாலும் இங்கே எழுதுங்கள், நான் விழித்திருப்பேன்.