மூடாத ‘குளோஸ்’: என்ன பெயர் வைக்கலாம்?

நண்பர்களே, பயிற்சிக்காக எழுதிய சிறிய இயங்குதளத்தின் கோப்புப் பகுதியைச் சீரமைத்துக்கொண்டிருக்கிறேன். அதில் ‘ஃபைல்குளோஸ்’ என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. பெயர்தான் குளோஸ், செய்வதென்னவோ குறிப்பு எண்ணிக்கையில் (கோப்பை இன்னும் எத்தனை இடங்கள் பயன்படுத்துகின்றன என்ற கணக்கில்) ஒன்றைக் குறைப்பது. பூஜ்யமானால் மட்டுமே கோப்பை விடுவிக்கும். ஃபோர்க்குக்குப் (இயங்கும் நிரல் தன் நகலாக ஒரு சேய் நிரலை உருவாக்குவது) பின் தாய் நிரல் கோப்பை மூடியதும் எல்லாம் முடிந்ததென்று நம்பி பஃபரை (தற்காலிக நினைவிடத்தை) அழித்துவிட்டேன்; சேய் இன்னும் அதில் எழுதிக்கொண்டிருந்தது! ஓர் இரவு முழுக்கப் போயிற்று.

லினக்ஸில் இந்த வேலைக்கு ‘எஃப்புட்’ (fput) என்று பெயர். புதியவர் அதைப் பார்த்தால் எதையோ வைக்கிறது என்றே நினைப்பார். ‘ரிலீஸ்’ என்றால், அங்கே அது கடைசிக் குறிப்பு போகும்போது மட்டும் அழைக்கப்படுவது. ‘ஃபைல்_டிராப்_ரெஃப்’ நீளம்தான், ஆனால் பொய் சொல்லவில்லை. பூட்டைப் (ஒரே நேரத்தில் இருவர் தரவை மாற்றாமல் தடுக்கும் லாக்) பிடித்தபடி அழைக்க வேண்டிய வடிவத்துக்கு ‘_லாக்டு’ என்ற பின்னொட்டு போதுமா? நீங்கள் எப்படிப் பெயரிடுகிறீர்கள்?