வாஷிங்டன் கத்தோலிக்கப் பல்கலைக்கழக வளாகத்தைச் சுற்றிப் பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

கேள்வி: தேன்மொழியாள்

அனைவருக்கும் வணக்கம். பள்ளி இறுதியாண்டில் படிக்கும் என் மகள், வாஷிங்டனில் உள்ள அமெரிக்கக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் இளநிலைப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்க விரும்புகிறாள். இயந்திரப் பொறியியலா, அரசியலா என்பதை அவள் இன்னும் முடிவு செய்யவில்லை. வளாகத்தைச் சுற்றிக் காட்டும் நிகழ்ச்சிக்குப் பதிவு செய்திருக்கிறோம். மாணவர் ஒருவர் முன்னே நடந்து கட்டடம் கட்டடமாக விளக்கிச் செல்வார் என்றும், ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும் என்றும் கேள்விப்பட்டேன். அந்தக் குறுகிய நேரத்தில் எதை ஊன்றிப் பார்க்க வேண்டும், எதைப் பின்னர் நாங்களாகவே தேடிப் போய்ப் பார்க்க வேண்டும்? வளாகத்தை ஒட்டி நிற்கும் மாபெரும் பேராலயம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்ததுதானா? நாங்கள் கத்தோலிக்கர் அல்லர். அப்படிப்பட்ட குடும்பத்துப் பெண்ணின் அன்றாட வாழ்க்கை அங்கே எவ்வாறு இருக்கும் என்பதையும் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி: ஏட்டுச்சுவடி

வணக்கம். அங்கே நூலகவியல் முதுநிலை படித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். மாணவர் சேர்க்கை அலுவலகம் தந்தை ஓகானல் அரங்கில் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பினால் பழைய கல் கட்டடங்கள், மாணவர் மையம், விடுதிகள், உணவுக்கூடம் என்று வழிகாட்டி அழைத்துப் போவார். இவற்றில் உணவுக்கூடத்துக்கும் உடற்பயிற்சிக் கூடத்துக்கும் நீங்கள் நேரம் செலவிட வேண்டியதில்லை. எந்தப் பல்கலைக்கழகமும் அவற்றை அழகாகத்தான் காட்டும், அவற்றை வைத்து எந்த முடிவுக்கும் வர இயலாது.

வரலாற்றைச் சிறிது தெரிந்துகொண்டு போவது நல்லது. அமெரிக்க ஆயர்கள் 1887ஆம் ஆண்டு நிறுவி, திருத்தந்தை பதின்மூன்றாம் லியோவின் ஒப்புதலோடு 1889இல் வகுப்புகளைத் தொடங்கிய இந்தப் பல்கலைக்கழகம், முதலில் குருக்களுக்கான மேற்படிப்பு நிறுவனமாகவே இருந்தது. இளநிலை மாணவர்கள் 1904இல்தான் சேர்க்கப்பட்டார்கள். முதலில் எழுந்த கால்டுவெல் அரங்கம், மேரி குவென்டலின் கால்டுவெல் என்ற இளம்பெண் அளித்த மூன்று லட்சம் டாலர் நன்கொடையால் உருவானது. ஆராய்ச்சிக்கென்று தோன்றிய இடத்தில் இளநிலைப் படிப்பு பின்னர் வந்து சேர்ந்தது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், ஆய்வுக்கூடங்களும் நூல் தொகுப்புகளும் அங்கே ஏன் அவ்வளவு ஆழமாக இருக்கின்றன என்பது விளங்கும்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது முல்லன் நூலகத்தைப் பற்றி. டென்வர் நகரத்து மாவு ஆலை அதிபர் ஜான் முல்லனின் கொடையால் கட்டப்பட்டு 1928இல் திறக்கப்பட்ட கட்டடம் அது. சுற்றிக் காட்டுபவர் பெரும்பாலும் அதன் வாசலில் நின்று இரண்டு வாக்கியம் பேசிவிட்டு நகர்ந்துவிடுவார். நீங்கள் மறுபடியும் வந்து, உள்ளே அனுமதி கேட்டுப் படிப்பறையில் அரை மணி நேரமாவது உட்கார்ந்திருங்கள். எத்தனை பேர் படிக்கிறார்கள், உதவி மேசையில் ஆள் இருக்கிறாரா, கேள்வி கேட்டால் முகம் கொடுத்துப் பேசுகிறார்களா என்று பாருங்கள். திருத்தந்தை பதினோராம் கிளமெண்டின் அல்பானிக் குடும்பத்திலிருந்து வந்த பழைய நூல்களும், பிரேசில் நாட்டுத் தூதர் ஒலிவேரா லிமா 1916இல் வழங்கிய பெரும் தொகுப்பும் பல்கலைக்கழகத்திடம் உள்ளன. முன்கூட்டியே எழுதிக் கேட்டால் அரிய நூல் பிரிவினர் சிலவற்றைக் காட்டக்கூடும். தோல் கட்டடமிட்ட ஓர் ஏட்டின் முதுகில் மங்கிய பொன்னெழுத்தைப் பக்கத்தில் நின்று பார்க்கும் பதினேழு வயதுப் பெண்ணுக்கு, எந்த விளம்பரக் கையேடும் தராத ஒன்று கிடைக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

மறுமொழி: கண்ணாடி உலை

பொறியியல் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் பாங்போர்ன் அரங்கை வெளியிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பக் கூடாது. துறைக்கு மின்னஞ்சல் அனுப்பி, ஆய்வுக்கூடம் ஒன்றையாவது உள்ளே சென்று பார்க்க நேரம் வாங்கிக்கொள்ளுங்கள். ஆல்பர்ட் சாம் என்ற பேராசிரியர் 1901இல் இந்த வளாகத்தில் காற்றுச் சுரங்கம் அமைத்து, காற்றின் எதிர்ப்பை அளந்தார். ரைட் சகோதரர்கள் எந்திர விமானத்தில் பறப்பதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது அது. வழிகாட்டி இதைச் சொன்னால் மகிழ்ச்சி, சொல்லாவிட்டாலும் நீங்கள் கேளுங்கள்.

இன்றைய ஆராய்ச்சியில் நான் மிகவும் மதிப்பது, ஹானன் அரங்கத்தில் இருக்கும் கண்ணாடி நிலை ஆய்வகம். அணு ஆயுதத் தயாரிப்பால் அமெரிக்காவின் ஹான்ஃபோர்ட் என்ற இடத்தில் தேங்கிய கதிரியக்கக் கழிவை உருக்கிய கண்ணாடியோடு கலந்து உறைய வைத்தால், அந்தக் கழிவு கசிந்து நிலத்தடி நீரில் கலப்பதைத் தடுக்கலாம். எந்த வகைக் கண்ணாடி எவ்வளவு கழிவைத் தாங்கும், உலை எந்த வெப்பத்தில் சீராக ஓடும் என்பதையெல்லாம் இந்த ஆய்வகத்தினர் நீண்ட காலமாகச் சோதித்து வருகிறார்கள். அங்கே இளநிலை மாணவருக்கு வேலை செய்ய இடம் உண்டா, எந்த ஆண்டிலிருந்து சேரலாம், அதற்கு ஊதியம் உண்டா என்று உங்கள் மகளே வாய்விட்டுக் கேட்கட்டும். பெற்றோர் கேட்டால் பொதுவான பதில்தான் வரும், மாணவி கேட்டால் பேராசிரியர்கள் மனம் திறந்து பேசுவார்கள்.

மறுமொழி: மணிக்கூண்டு

பேராலயத்தைப் பற்றிய கேள்விக்கு நான் விடை சொல்கிறேன். அமலோற்பவ அன்னை தேசியத் திருத்தலப் பேராலயம் பல்கலைக்கழகத்தின் உடைமை அன்று, அதற்குத் தனி நிர்வாகம் உண்டு. ஆனால் இரண்டும் ஒட்டிப் பிறந்தவை. பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த தாமஸ் ஷாகன் இந்தக் கோவிலுக்காக நிதி திரட்டினார், பல்கலைக்கழகமே நிலமும் தந்தது, 1920இல் அடிக்கல் நாட்டப்பட்டது. இடையில் பொருளாதார வீழ்ச்சியும் போரும் குறுக்கிட்டதால், நிலவறைக் கோவிலோடு பல ஆண்டுகள் பணி நின்றுபோய், 1959 நவம்பரில்தான் மேல் கோவில் அர்ப்பணிக்கப்பட்டது. வட அமெரிக்காவிலேயே மிகப் பெரிய கத்தோலிக்கக் கோவில் இது. நடுக் குவிமாடத்தின் மொசைக் ஓவியம் 2017இல்தான் நிறைவடைந்தது. ஒரு கோடியே நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட கண்ணாடித் துண்டுகளைப் பதித்திருக்கிறார்கள்.

தமிழர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய ஒன்று உள்ளே இருக்கிறது. உலகெங்கிலுமிருந்து வந்து குடியேறியவர்கள் தங்கள் ஊர் அன்னைக்குச் சிற்றாலயம் எழுப்பியிருக்கும் அந்தக் கோவிலில், வேளாங்கண்ணி ஆரோக்கிய அன்னைக்கும் 1997இல் ஓர் இடம் அமைந்தது. நுழைவாயில் தகவல் மேசையில் வேளாங்கண்ணி என்று கேட்டாலே வழி காட்டுவார்கள். எச்சமயத்தவரும் உள்ளே செல்லலாம், கட்டணம் இல்லை. திருப்பலி நடக்கும் நேரத்தில் சுற்றிப் பார்ப்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

திருத்தந்தையர் மூவர் இங்கே வந்திருக்கிறார்கள். 1979இல் இரண்டாம் யோவான் பவுல் வந்தார். 2008இல் பதினாறாம் பெனடிக்ட் மாணவர் மையமான பிரிசிபிலா மையத்தில் கத்தோலிக்கக் கல்வியாளர்களிடம் உரையாற்றினார். 2015இல் பிரான்சிஸ் பேராலயத்தின் கிழக்கு முகப்பில் திருப்பலி நிறைவேற்றி, மறைபரப்பாளர் ஹூனிபெரோ செர்ராவைப் புனிதராக அறிவித்தார். அந்த முகப்புப் படிகளில் நின்று எதிரே விரியும் புல்வெளியைப் பார்த்தால், அன்று கூடிய கூட்டத்தின் அளவு ஓரளவு புலப்படும்.

தேன்மொழியாள்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஹானன் அரங்கத்தைப் பற்றிப் படித்தவுடனே என் மகள் துறைக்குக் கடிதம் எழுத உட்கார்ந்துவிட்டாள். சமயம் சார்ந்த கட்டுப்பாடுகளைப் பற்றி மட்டும் இன்னும் சற்று விளக்க முடியுமா?

மறுமொழி: ஏட்டுச்சுவடி

எந்தச் சமயத்தவரும் சேரலாம், திருப்பலிக்கு வரச் சொல்லி யாரும் வற்புறுத்துவதில்லை. ஆனால் கத்தோலிக்க அடையாளத்தை அவர்கள் பெயரளவில் வைத்திருக்கவில்லை என்பதை முன்கூட்டியே அறிந்துகொண்டு போவது உங்கள் மகளுக்கு நல்லது. வகுப்பறைகளில் சிலுவை இருக்கும், இளநிலை மாணவர்கள் பொதுப் பாடங்களின் பகுதியாக மெய்யியலும் இறையியலும் படிக்க வேண்டும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி விடுதிகள் என்ற முறைக்குத் திரும்புவதாக 2011இல் அறிவித்தார்கள், விருந்தினர் வந்துபோகும் நேரத்துக்கும் விதிகள் உண்டு. எனக்கு மெய்யியல் நல்ல துணையாக இருந்தது. அது சுமையாகத் தோன்றும் மாணவர்களும் உண்டு. ஆகவே பாடத்திட்டத்தை வாங்கி, பொறியியலுக்கும் அரசியலுக்கும் தனித்தனியாக எத்தனை பாடங்கள் கட்டாயம் என்று சேர்க்கை அலுவலகத்திலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். விடுதி விதிகளை வழிகாட்டும் மாணவரிடம் கேட்பது மேல், அவர்தான் அவற்றுக்குள் வாழ்கிறவர்.

அரசியல் பக்கம் மனம் சாய்ந்தால் இன்னொன்றையும் செய்து பாருங்கள். வளாகத்தின் ஓரத்திலேயே புரூக்லாண்ட் மெட்ரோ நிலையம் இருக்கிறது. சிவப்புத் தடத்தில் ஏறி மூன்றாவது நிறுத்தமான யூனியன் நிலையத்தில் இறங்கினால், நாடாளுமன்றக் கட்டடம் நடந்து போகும் தொலைவுதான். படிக்கும்போதே உறுப்பினர் அலுவலகங்களில் பயிற்சிக்குச் செல்லும் மாணவர்கள் இந்த வழியில்தான் போய் வருகிறார்கள். சுற்று முடிந்த அன்று மாலை நீங்கள் இருவரும் அந்த ரயிலில் ஒருமுறை போய் வந்தால், வகுப்புக்கும் பயிற்சிக்கும் இடையே ஓடுவது தன்னால் ஆகுமா என்பதை அவளே கணித்துக்கொள்வாள்.