மேன் பக்கங்களை மட்டும் மீட்க வழி உண்டா?

வணக்கம். ஏற்காட்டில் ஒண்டிக்கடை பக்கம் பிள்ளைகளுக்கு லினக்ஸ் சொல்லித்தருகிறேன். மழை பிடித்துக்கொண்டால் இங்கே இணையத்தை நம்ப முடியாது. கணினிக்குள்ளேயே இருக்கும் ஆவணங்கள், முக்கியமாக ஒவ்வொரு கட்டளையையும் விளக்கும் 'மேன்' பக்கங்கள்தான் எங்களுக்குப் பாடப்புத்தகம்.

சேலத்திலிருந்து வந்த ஒரு கணினியில் உபுண்டு என்ற லினக்ஸ் வகையைப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். கோப்புகளை ஒரே கட்டாகச் சேர்க்கும் 'டார்' நிரலைத் தேடி 'விச் டார்' என்றால் அது இருக்கும் பாதை சரியாக வருகிறது. 'வேர்ஈஸ் டார்' நிரலைக் காட்டுகிறது, வழக்கமாகக் கூடவே காட்டும் மேன் பக்கத்தின் இடத்தைக் காணோம். குழப்பம் என்னவென்றால், ஒரு பொதி நிறுவிய கோப்புகளைப் பட்டியலிடும் 'டிபிகேஜி', பெரிய எல், டார் என்று கேட்டால் பட்டியலில் அந்த மேன் பக்கக் கோப்பின் பெயர் இருக்கிறது! போய்ப் பார்த்தால் வட்டில் இல்லை.

'மேன் டார்' கொடுத்தபோதுதான் புரிந்தது. இது சுருக்கப்பட்ட உபுண்டுவாம், 'அன்மினிமைஸ்' ஓட்டச் சொல்கிறது. அது பொதிகளை மறுபடி இறக்குமே, இந்த இணைப்பில் எப்படி முடியும்?

முழு உபுண்டு உள்ள, அதே பதிப்புக் கணினி ஒன்று இருக்கிறது. அதன் யுஎஸ்ஆர், ஷேர், மேன் அடைவைப் பென்டிரைவில் எடுத்துவந்து இதில் போட்டு, மேன் பக்கங்களின் அட்டவணையைப் புதுப்பிக்கும் 'மேன்டிபி' ஓட்டினால் போதுமா? அப்புறம் ஒரு சொல்லை வைத்து மேன் பக்கங்களைத் தேடும் 'அப்ரொபோ' தேடல் வேலை செய்யுமா? செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். திங்கட்கிழமை வகுப்பு இருக்கிறது.