ஃபிளெக்ஸ் ஸ்கோர்: தமிழில் என்ன சொல்லலாம்?

முதலியார்பேட்டை, புதுச்சேரி

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

பள்ளிகளிலும் கத்தோலிக்கக் கோயில் பங்குகளிலும் பேண்டு நடத்துபவர்களுக்காக ஒரு தமிழ்க் கையேடு தயாராகிறது. எந்த இசையை வாங்குவது என்று சொல்லும் அத்தியாயம் ஒரு சொல்லுக்காக நிற்கிறது. பதிப்பாளர்கள் ‘ஃபிளெக்ஸ் பேண்டு’, ‘ஃபிளெக்ஸ் ஸ்கோரிங்’ என்று விற்கிறார்களே, அதற்குத் தமிழில் என்ன பெயர்? ஒலிபெயர்த்து ‘ஃபிளெக்ஸ்’ என்றே விட முடியாது. நம் ஊரில் அந்தச் சொல் பேனருக்குப் போய்விட்டது. ஆகஸ்டு 15க்கோ நவம்பர் 1 விடுதலை நாளுக்கோ ‘ஃபிளெக்ஸ் வாங்க வேண்டும்’ என்று கடிதம் எழுதினால் அது அச்சகத்துக்குத்தான் போகும்.

பேண்டு பழக்கமில்லாத தமிழ் அன்பர்களுக்காகச் சுருக்கமாக: வழக்கமான கான்சர்ட் பேண்டு இசையில் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தாள் உண்டு. புல்லாங்குழல், ஓபோ, பசூன், கிளாரினெட் மூன்று, ஆல்ட்டோ சாக்ஸ் (சாக்ஸபோன்) இரண்டு, டிரம்பெட் மூன்று, ஹார்ன், டிராம்போன், யூஃபோனியம், ட்யூபா என்று இருபதைத் தாண்டும். நம் குழுக்களில் பதினைந்து இருபது பிள்ளைகள். அதில் டிரம்பெட் நிறைய, ஓபோவும் பசூனும் கிடையாது, ஹார்னும் ட்யூபாவும் பெரும்பாலும் இல்லை. ஃபிளெக்ஸ் வகையில் மொத்த இசையும் நான்கு அல்லது ஐந்து பாகங்களுக்குள் அடங்கிவிடும். ஒவ்வொரு பாகமும் பல கருவிகளுக்கு ஏற்றபடி பல தாள்களாக அச்சாகி வரும். முதல் பாகத்தைப் புல்லாங்குழலும் வாசிக்கலாம், கிளாரினெட்டும் டிரம்பெட்டும் வாசிக்கலாம். நான்காம் பாகம் டெனர் சாக்ஸ், டிராம்போன், யூஃபோனியம் மூன்றுக்கும் கிடைக்கும். ஐந்தாவது ட்யூபா, பாரிடோன் சாக்ஸ், பேஸ் கிட்டார் ஆகியவற்றுக்கு. தாளக்கருவிகள் தனி.

‘நெகிழ்பாகம்’ என்று வைத்திருக்கிறேன். சரிதானா?

மஞ்சக்குப்பம், கடலூர்

ஐயா, ‘நெகிழ்’ என்பதற்கு வரலாற்று ஆதரவு உண்டு. இசையமைப்பாளர் பெர்சி கிரெய்ஞ்சர் 1929இல் எழுதிய முன்னுரையில் இந்த முறையை ‘எலாஸ்டிக் ஸ்கோரிங்’ என்றுதான் விளக்குகிறார். பள்ளிக் குழுக்களையும் அமெச்சூர் குழுக்களையும் மனதில் வைத்தே எழுதினார். தம் இசை முக்கியமாகச் சுர இடைவெளிகளில் நிற்கிறது, கருவியின் நிறத்தில் அல்ல. அதனால் கருவி மாறலாம், பாகங்களுக்குள் சமநிலை மாறக்கூடாது என்பது அவர் வாதம்.

‘நெகிழ்பாகம்’ என்னும்போது அந்தச் சமநிலைதான் விட்டுப்போகிறது. பாகம் நெகிழ்வது என்று படிக்கிற ஆசிரியர், ஒரு பாகத்தை விட்டாலும் பரவாயில்லை என்று எடுத்துக்கொள்வார். நெகிழ்வது கருவி, பாகம் அல்ல. ஐந்தில் எதையும் விட முடியாது. ஐந்தாம் பாகத்தை விட்டால் கார்டின் (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டின்) அடிச்சுரம் போய்விடும். நான்காம் பாகத்தில் அந்த நேரத்தில் கார்டின் ஐந்தாம் சுரம் இருந்தால் அதுவே அடியாகி, முடிய வேண்டிய இடம் முடியாமல் அந்தரத்தில் தொங்கும். மூன்றாம் பாகத்தை விட்டால் பல இடங்களில் கார்டின் மூன்றாம் சுரம் காணாமல் போகும். மேஜரா மைனரா என்றே தெரியாது.

விட்டால் பரவாயில்லை என்கிற வகை வேறு. ஆங்கில இசையமைப்பாளர் ஹோல்ஸ்ட் 1909இல் பேண்டுக்கு எழுதிய ‘ஈ ஃப்ளாட் முதல் சூட்’ என்னும் இசையில் பல கருவிகளுக்கு ‘ஆட் லிப்’ என்று குறித்தார். இருந்தால் வாசிக்கலாம், இல்லாவிட்டாலும் இசை நிற்கும். அதற்கு ‘விருப்பக் கருவி’ பொருந்தும். கையேட்டில் இரண்டும் கலந்துவிடக் கூடாது.

வில்லியனூர்

அப்படியானால் ‘எக்கருவிப் பாகம்’ எப்படி? யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம் என்பது நேராகப் புரிகிறது.

இன்னொரு வேண்டுகோள். நம் பகுதியில் யூஃபோனியம், டிராம்போன் வாசிப்பவர்களில் பலர் ராணுவ பேண்டு வழி வந்தவர்களிடம் படித்தவர்கள். பிரிட்டிஷ் பிராஸ் பேண்டு முறைப்படி ட்ரெபிள் கிளெஃபில்தான் (மேல்சுரங்களுக்கான குறியீட்டில்) படிப்பார்கள். அமெரிக்கப் பதிப்பில் பேஸ் கிளெஃப் தாள் மட்டும் வந்தால் கட்டு அப்படியே பீரோவில் கிடக்கும். ‘வேர்ல்டு பார்ட்ஸ்’ சேர்ந்த கட்டா என்று பார்த்து வாங்கச் சொல்லுங்கள். அதில் பி ஃப்ளாட் (எழுதிய சி, பி ஃப்ளாட்டாக ஒலிக்கும் கருவிகளுக்கான) ட்ரெபிள் தாளும், ஈ ஃப்ளாட் ஹார்னுக்கான தாளும் வரும்.

மஞ்சக்குப்பம், கடலூர்

கிளெஃப் பற்றிச் சொன்னது கட்டாயம் சேர்க்க வேண்டியது. ஆனால் ‘எக்கருவி’ வேண்டாம், அது உண்மைக்கு மாறானது. இரண்டாம் பாகத்தின் பி ஃப்ளாட் தாள் டிரம்பெட்டுக்கும் கிளாரினெட்டுக்கும் அச்சானது. டெனர் சாக்ஸும் பி ஃப்ளாட் கருவிதானே என்று அதே தாளைக் கொடுத்தால் அது ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். இரண்டாம் பாகம் இறங்கி மூன்றாம் பாகத்துக்கும் கீழே, சில இடங்களில் நான்காம் பாகத்துக்கும் கீழே போய்விடும். பிள்ளைகள் எல்லோரும் சரியாக வாசித்தும் கார்டு கலங்கலாகக் கேட்கும். ஆசிரியர் சுருதியைச் சரிசெய்யச் சொல்லி நேரத்தைச் செலவழிப்பார். கோளாறு சுருதியில் இல்லை, தாள் கொடுத்ததில். பதிப்பாளர் தாளின் தலையில் எந்தக் கருவிப் பெயரை அச்சிட்டிருக்கிறாரோ அதற்கு மட்டும்தான் கொடுக்க வேண்டும்.

திருப்பாதிரிப்புலியூர்

மொழி பக்கத்திலிருந்து இரண்டு சொல்கிறேன். ‘பாகம்’ நல்ல தேர்வு, அதை மாற்றாதீர்கள். இதற்கு முன் ‘பங்கு’ என்று ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். புதுச்சேரி சம்பா கோவில் பக்கத்திலிருந்து வில்லியனூர் வரை ‘பங்கு’ என்றால் பங்குத்தந்தையின் பங்குதான் முதலில் மனதுக்கு வரும். ‘பங்கு இசை’ என்றால் கோயில் பாடகர் குழு என்று ஆகிவிடும்.

நீங்கள் விவரித்ததில் நடப்பது என்ன? ஒரு பாகத்தைப் பல கருவிகள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்கின்றன. ஆகவே ‘பகிர்பாகம்’. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை, முக்காலத்துக்கும் பொருந்தும். பன்மை, வேற்றுமை எல்லாம் தடையில்லாமல் ஏறும்: பகிர்பாகங்கள், பகிர்பாகத்தில், பகிர்பாக இசை. ‘பொதுப்பாகம்’ என்றும் யோசித்தேன். ஆனால் ‘பொது’ என்றால் எல்லோரும் ஒரே சுரத்தைச் சேர்ந்து வாசிப்பதாகத் தோன்றும்.

மஞ்சக்குப்பம், கடலூர்

அம்மா, ‘பகிர்பாகம்’ எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரே ஒரு தயக்கம். ஒரு தாளிலேயே இரண்டு சுரம் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தால் வாசிப்பவர்கள் இரண்டாகப் பிரிவார்கள் இல்லையா, அதையும் ‘பகிர்வு’ என்று யாராவது சொல்லிவிடுவார்கள். அதற்கு ‘பிரிசுரம்’ என்று இப்போதே பக்கத்தில் போட்டுவிட்டால் குழப்பம் வராது.

கலைச்சொல் பதிவோடு சேர்க்க வேண்டிய நடைமுறை விவரங்கள் கீழே. சொல் எதைக் குறிக்கிறது என்று இவற்றைப் பார்த்தால்தான் ஆசிரியருக்குப் பிடிபடும்.

பகிர்வு சரியாக அமைய எண்ணிக்கை முக்கியம். புல்லாங்குழல் 2, கிளாரினெட் 4, ஆல்ட்டோ சாக்ஸ் 3, டெனர் சாக்ஸ் 1, டிரம்பெட் 4, டிராம்போன் 1, யூஃபோனியம் 1, கீபோர்டு 1, ஆக 17 பேர் என்று வையுங்கள். கெட்டிக்காரப் பிள்ளைகளை எல்லாம் முதல் பாகத்தில் உட்கார வைப்பதுதான் வழக்கம். அப்போது மெட்டு மட்டும் கேட்கும், அடியில் ஒன்றும் இருக்காது. முதல் பாகத்துக்குப் புல்லாங்குழல் 2, டிரம்பெட் 2, கிளாரினெட் 1. இரண்டாவதற்குக் கிளாரினெட் 2, டிரம்பெட் 2. மூன்றாவதற்கு ஆல்ட்டோ 3, கிளாரினெட் 1. நான்காவதற்கு டெனர் சாக்ஸும் டிராம்போனும். ஐந்தாவதற்கு, அந்தத் தாளில் பெயர் இருந்தால் யூஃபோனியமும், கீபோர்டின் இடது கையும். அடிப்பாகத்தில் ஆள் குறைவாகத் தெரிந்தாலும் கீபோர்டின் ஒலியளவை ஏற்றிச் சமன்செய்யலாம். பேஸ் கிட்டார் ட்யூபா தாளைப் படித்தால் எழுதியதைவிட ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். சிறிய ஸ்பீக்கரில் அது உறுமலாகிவிடும், ஒரு ஸ்தாயி மேலே பிடிக்கச் சொல்ல வேண்டும்.

அடுத்தது கிளாரினெட். பகிர்பாக இசையின் பெரிய சிக்கல் இங்கேதான், அட்டையில் எழுதியிருக்காது. டிரம்பெட் பழகும் பிள்ளைக்கு வசதியான எல்லை, எழுதப்பட்ட நடு சி முதல் மேல் சி வரை. பி ஃப்ளாட் தாளை அதற்குள் எழுதுவார்கள். அதே எல்லை கிளாரினெட்டின் பிரேக்கை, அதாவது கீழ்ச் சுரங்களிலிருந்து மேல் சுரங்களுக்கு விரல்முறை மாறும் இடத்தை, குறுக்கே வெட்டுகிறது. ஏ, பி ஃப்ளாட்டில் விரல்கள் ஏறக்குறைய எல்லாம் திறந்திருக்கும். அடுத்த பி நேச்சுரலுக்கு எல்லாத் துளைகளையும் மூடி ரெஜிஸ்டர் சாவியையும் அழுத்த வேண்டும். ஒரு விரல் ஓரம் கசிந்தால் கீச்சிடும். டிரம்பெட் பிள்ளைக்கு முதல் படியாக (கிரேடாக) இருக்கிற அதே வரி கிளாரினெட் பிள்ளைக்கு இரண்டாம் படி. புதிய கிளாரினெட் பிள்ளைகளை மூன்றாம் பாகத்தின் பி ஃப்ளாட் தாளில் உட்கார வைத்தால் பெரும்பாலும் பிரேக்குக்குக் கீழேயே முடிந்துவிடும். வாங்கும்முன் பதிப்பாளர் தளத்தில் காட்டும் மாதிரிப் பக்கத்தில், ஏ-யிலிருந்து பி-க்கோ சி-க்கோ எத்தனை இடத்தில் தாவுகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

கிரேடு என்பதைப் ‘படி’ என்றே சொல்லலாம். 1 முதல் 6 வரை, இடையில் அரைப்படிகளும் உண்டு. படி எண்ணைப் பார்த்து மட்டும் வாங்கக் கூடாது. அது விரலுக்கும் உதட்டுக்கும் எவ்வளவு கடினம் என்று சொல்லும். உங்களிடம் இல்லாத கருவிக்குத் தனிவரி இருக்கிறதா என்று சொல்லாது. ஓபோ தனியாக எட்டு அட்சரம் பாடும் இரண்டாம் படி இசையைவிட, பகிர்பாகத்தில் வந்த மூன்றாம் படி இசை நம் குழுவுக்கு எளிது.

முதலியார்பேட்டை, புதுச்சேரி

எல்லோருக்கும் நன்றி. ‘பகிர்பாகம்’ என்றே வைக்கிறேன். கிரேடுக்குப் ‘படி’, தாளுக்குள் பிரிவதற்குப் ‘பிரிசுரம்’, ஆட் லிப்புக்கு ‘விருப்பக் கருவி’.

ஒன்று பாக்கி. பகிர்பாகம் அல்லாத வழக்கமான இசையில் ஓபோ வரியைக் கிளாரினெட் தாளில் சின்ன எழுத்தில் அச்சிட்டிருப்பார்களே, ‘கியூ’. ஓபோ இல்லாதபோது அதை வாசிக்கலாம். இதுவும் கருவியில்லாக் குறையைத் தீர்ப்பதுதான், ஆனால் முறை வேறு: ஒரு தாளில் இருவேறு வரிகள். ‘பதில்சுரம்’ என்று போடலாமா?

வில்லியனூர்

பதில்சுரம் சரி. அதோடு ஓர் எச்சரிக்கையும் போடுங்கள். ஓபோ இருக்கும் குழுவில் சின்ன எழுத்தையும் சேர்த்து வாசித்தால் தனிவரி இரட்டிப்பாகி, மெல்லிய இடம் கனத்துவிடும். நடத்துநர் ஒத்திகைக்கு முன்பே தாளில் பென்சிலால் ‘வாசி’ அல்லது ‘வேண்டாம்’ என்று எழுதிவிட வேண்டும்.

சினிமாப் பாட்டைச் சொந்தமாகப் பகிர்பாகமாக எழுதுபவர்களுக்கும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். கிட்டாரில் ஈ மேஜரில் இருக்கும் பாட்டை அப்படியே எழுதினால் டிரம்பெட்டுக்கு 6 ஷார்ப், ஆல்ட்டோவுக்கு 7 ஷார்ப் விழும். அரைச்சுரம் இறக்கி ஈ ஃப்ளாட்டில் எழுதினால் டிரம்பெட்டுக்கு ஒரே ஒரு ஃப்ளாட், ஆல்ட்டோவுக்கு ஒன்றுமே இல்லை.

திருப்பாதிரிப்புலியூர்

பதிவை இப்படி அமைக்கலாம்:

பகிர்பாகம் (பெயர்ச்சொல்): பேண்டு இசையில், குறித்த சில கருவிகளுள் எதுவும் வாசிக்கும்படி வெவ்வேறு சுருதித் தாள்களாக அச்சிடப்பட்ட ஒரு பாகம். எ.கா. ஐந்து பகிர்பாகங்களில் ஒன்றுக்கும் ஆள் இல்லாமல் இருக்கக் கூடாது.

‘குறித்த சில’ என்பதை எடுத்துவிடாதீர்கள். டெனர் சாக்ஸ் பற்றி மஞ்சக்குப்பத்து அன்பர் சொன்னது முழுவதும் அந்த இரண்டு சொல்லில்தான் இருக்கிறது.